மூன்று வறுவல், ஒரே கொட்டை: கோப்பியை ருசித்துப் பழகுவது எப்படி

கோப்பி என்றால் கறுப்பாக, கைப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் நம்மில் அதிகம் பேர் குடித்துக்கொண்டிருக்கிறோம். செத்த வீட்டில் விடியச்சாமம் ஊற்றித் தருகிற வெறுங்கோப்பியும் அப்படித்தான், தடிமன் காய்ச்சலுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அம்மா ஊற்றித் தந்த கோப்பியும் அப்படித்தான். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது லைட், மீடியம், டார்க் என்று எழுதிய கோப்பிப் பக்கற்றுகள் நம் கைக்கும் வருகின்றன. வாங்கி வந்து ஒரு தரம் ஊற்றிக் குடித்துவிட்டு, "லைட் என்றது புளிக்குது, டார்க் என்றது கருகிக் கிடக்கு" என்று அலுமாரி மூலையில் தள்ளிவைத்தவர்களை எனக்கே நாலைந்து பேர் தெரியும், அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். ஒரே கொட்டையை மூன்று பக்குவத்தில் வறுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆற ஆறக் குடித்துப் பாருங்கள். ஒரு காலை நேரம் போதும்.

முதலில் வறுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், அது தெரியாமல் ருசித்தால் பாதிதான் விளங்கும்.

பச்சைக் கோப்பிக் கொட்டையை மோந்து பார்த்தால் கோப்பி மணமே வராது, காய்ந்த புல்லைப் போல, பயறு கட்டிவைத்த சாக்கைப் போல இருக்கும். நாம் கோப்பி மணம் என்று சொல்வது நெருப்பு செய்கிற வேலை. பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 வீதம் ஈரம் இருக்கும். தாச்சி சூடேற ஏற அந்த ஈரம் போய், பச்சை நிறம் மஞ்சளாகி, பாண் போறணைப் பக்கம் போகும்போது அடிக்கிற மணம் வந்து, பிறகு மண்ணிறமாகும். கொட்டையின் சூடு 200 பாகை செல்சியஸை ஒட்டி வரும்போது உள்ளே அடைபட்ட ஆவி அதை வெடிக்க வைக்கும். சோளப்பொரி பொரிகிற மாதிரி டொக், டொக் என்று தெளிவாகக் கேட்கும், இதுதான் முதல் வெடிப்பு. அது அடங்குகிற இடத்தில் இறக்கினால் லைட். இன்னும் சற்று விட்டு, இரண்டாவது வெடிப்பு தொடங்குவதற்கு முன்னம் இறக்கினால் மீடியம். 225 பாகை அளவில் இரண்டாவது வெடிப்பு வரும், அது வேறு சத்தம், மெல்லிசாகவும் நெருக்கமாகவும், தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போல. அதற்குள் போன கொட்டை டார்க், அதன் மேல் எண்ணெய் பளபளக்கத் தொடங்கும்.

பழத்தில் இருந்து கொட்டைக்குள் வந்த புளிப்பு லைட்டில்தான் அதிகம் மிஞ்சியிருக்கும், அதனால் அது எந்த மண், எந்த உயரம், எப்படிக் காயவைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் கேட்கும். வறுக்க வறுக்க அந்த அமிலங்கள் உடைந்து குறைகின்றன, கொட்டையில் இருந்த சீனி சிவந்து பாணியாகிப் பிறகு கருகத் தொடங்குகிறது, கைப்பு ஏறுகிறது. மீடியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். டார்க்கில் கொட்டையின் சொந்தக் குணத்தை விட நெருப்பின் குணம்தான் முன்னுக்கு நிற்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டார்க் கோப்பியில் கஃபீன் அதிகம், அதனால்தான் அது கடும் கோப்பி என்று நம்புவது பிழை. வறுவலால் கஃபீன் பெரிதாகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கஃபீனைத் தீர்மானிப்பது கொட்டையின் இனம்: அரபிக்காவில் ஏறத்தாழ 1.2 வீதம், ரொபஸ்டாவில் ஏறத்தாழ அதைப்போல இரண்டு மடங்கு. கைப்பு வேறு, கடுமை வேறு.

கொட்டையும் தாச்சியும்

மூன்று பக்கற்றை மூன்று இடத்தில் வாங்கி ஒப்பிடாதீர்கள். ஒன்று எதியோப்பியாவில் இருந்து வந்திருக்கும், ஒன்று மாத்தளை வீட்டுத் தோட்டத்து ரொபஸ்டாவாக இருக்கும், அப்போது நீங்கள் ருசிப்பது வறுவலின் வித்தியாசமா கொட்டையின் வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே கொட்டையை மூன்று பக்குவத்தில் வறுத்து விற்கிறவர்கள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கண்டி, மாத்தளைப் பக்கம் போய்வருகிற யாரிடமாவது சொல்லிவிட்டு அரைக்கிலோ பச்சைக் கொட்டை எடுப்பித்துக்கொள்ளுங்கள். மலையகம் ஒரு காலத்தில் முழுக்கக் கோப்பிதான். 1869இல் இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டு, அடுத்த இருபது வருடத்துக்குள் பெருந்தோட்டக் கோப்பி படுத்துவிட்டது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து நடந்து வந்த மலையகத் தமிழ்ச் சனத்தின் முதல் தலைமுறை கொழுந்து கிள்ள வரவில்லை, கோப்பிப் பழம் பிடுங்க வந்தது. ஒரு பிடி பச்சைக் கொட்டையைக் கையில் அள்ளும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும்.

வீட்டில் வறுக்க விசேஷமாக எதுவும் தேவையில்லை. அடி கனத்த இரும்புத் தாச்சி, நீளக் காம்புள்ள அகப்பை, ஒரு சுளகு. ஒரு தரத்துக்கு 100 கிராமுக்கு மேல் போட வேண்டாம், கூடினால் கிளறி முடியாது. நடுத்தரச் சூட்டில் தாச்சியைக் காயவைத்துக் கொட்டையைப் போட்டபின் கை ஓயக் கூடாது, ஓய்ந்தால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும். ஏழு முதல் பத்து நிமிடத்துக்குள் முதல் வெடிப்பு கேட்க வேண்டும். பதினைந்து நிமிடமாகியும் கேட்காவிட்டால் நெருப்பு காணாது, அப்படி வெந்த கொட்டை உயிரில்லாமல் சப்பென்று இருக்கும். வெடிக்கும்போது மெல்லிய தோல் உரிந்து பறக்கும், அதனால் குசினி யன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். டார்க் வறுக்கும்போது நன்றாகவே புகையும், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இறக்கின உடனே சுளகில் கொட்டிப் புடைக்க வேண்டும், தாமதித்தால் தன் சூட்டிலேயே அது தொடர்ந்து வறுபட்டு லைட் மீடியமாகிவிடும். நான் இதை முற்றத்தில்தான் செய்வேன், பின்னேரக் கடற்காற்றுக்கு இரண்டு நிமிடத்தில் தோலும் பறந்து கொட்டையும் ஆறிவிடும். ஆறினதும் நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் பச்சைக் கொட்டை லைட்டில் 87, 88 கிராமாக வரும், மீடியத்தில் 85 அளவு, டார்க்கில் 80 அளவு. இந்த எண்களைக் குறித்துவையுங்கள், அடுத்த தரம் நிறத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. தாச்சியில் வறுக்கிற லைட் எப்படியும் கொஞ்சம் திட்டுத்திட்டாகத்தான் வரும். மிகவும் வெளிறிய கொட்டைகளையும் கருகியவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.

வறுத்த அன்றே ருசிக்க வேண்டாம். கொட்டைக்குள் கரியமிலவாயு நிறைந்திருக்கும், அது வெளியேறும்வரை சுவை மூடிக்கிடக்கும். ஐந்து நாள் விடுங்கள், லைட்டுக்கு ஒரு கிழமை என்றால் இன்னும் நல்லது. மூன்றையும் மூன்று போத்தலில், காற்றுப் புகாமல், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள்.

தண்ணீர்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகாதீர்கள், முக்கியமாகத் திருகோணமலையில் இருக்கிறவர்கள். நான் முதல்தரம் இதைச் செய்தபோது கிணற்றுத் தண்ணீரில்தான் ஊற்றினேன். கடலோரத்துக் கிணறு, குடித்துப் பழகியதால் சவர் தெரியாது. மூன்று கோப்பையிலும் கிட்டத்தட்ட ஒரே சுவை, லைட்டில் புளிப்பே இல்லை, சுண்ணாம்புத் தண்ணீரில் கோப்பியைக் கரைத்த மாதிரி தட்டையாக இருந்தது. ஒரு கிழமை வறுத்ததெல்லாம் வீண் என்று நினைத்துக் கவலையோடு கேத்திலைக் கழுவினேன். அடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்த பொருக்கு விரல் நகத்தில் வந்தது. அப்போதுதான் விளங்கியது, அந்தப் பொருக்கைத் தருகிற அதே உப்புகள்தான் கோப்பியின் அமிலத்தையும் சமன்செய்து விழுங்கிவிடுகின்றன. அடுத்த நாள் போத்தல் தண்ணீரில் ஊற்றினேன், மூன்றும் மூன்று ஊராகப் பிரிந்து நின்றன.

ஆகவே கேத்திலில் பொருக்குப் பிடிக்காத தண்ணீர் எதுவோ அதை எடுங்கள், வடிகட்டிய தண்ணீரோ போத்தல் தண்ணீரோ, மூன்று கோப்பைக்கும் ஒன்றே. முற்றாக உப்பு நீக்கிய பற்றரித் தண்ணீர் வேண்டாம், அதில் கோப்பி வெறிச்சென்று இருக்கும். கொதித்தபின் அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் விட்டால் 93, 94 பாகைக்கு வரும், அது போதும்.

நாக்கைத் தயார்பண்ணுவது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான்: புளிப்பு, கைப்பு, கயர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் "கைக்குது" என்று சொல்லிவிடுவோம். அறுசுவைக்கும் தனித்தனிப் பெயர் வைத்த பாஷை நம்முடையது, கோப்பிக்கு முன்னால் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள். மூன்று கிளாஸ் எடுத்து ஒன்றில் தண்ணீரோடு சில துளி தேசிக்காய்ப் புளி, ஒன்றில் பாவற்காய் அவித்த தண்ணீர், ஒன்றில் சீனி போடாத கடும் தேயிலைச் சாயம். புளிப்பு நாக்கின் ஓரமெல்லாம் எச்சில் ஊறவைக்கும். கைப்பு விழுங்கினபிறகும் தொண்டையடியில் நிற்கும். கயர் என்பது சுவையை விட ஒரு தொடுகை என்று சொல்லலாம், நாவற்பழமோ வாழைக்காயோ கடித்தால் வாய் வறண்டு நாக்கு இழுக்குமே, அது. இந்த மூன்றையும் மாறிமாறி இரண்டு தரம் குடித்தபிறகு கோப்பியிடம் போங்கள், எது எதுவென்று நாக்கே பிரித்துக் காட்டும்.

காலையில் ஒன்பது, பத்து மணி நல்ல நேரம். பல் விளக்கி ஒரு மணித்தியாலமாவது போயிருக்க வேண்டும், சம்பலோ மீன் குழம்போ அதற்கு முன் வேண்டாம். சாம்பிராணி, சென்ட் எதுவும் அறையில் இருக்கக் கூடாது. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், புழுங்கும்தான், ஆனால் விசிறி மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஊற்றுவதும் உறிஞ்சுவதும்

ஒரே அளவான மூன்று கிளாஸ் அல்லது கோப்பை, 200 மில்லிலீற்றர் பிடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 11 கிராம் கோப்பி. தராசில்தான் நிறுக்க வேண்டும், கரண்டியால் அளந்தால் பிழைத்துவிடும், ஏனென்றால் டார்க் கொட்டை பொங்கி இலேசாகியிருக்கும், அதே கரண்டி லைட்டில் நிறை கூட நிற்கும். சின்ன மின் தராசு ஒன்று இருந்தால் இந்த வேலைக்குக் காணும். அரைப்பது ரவையை விடக் கொஞ்சம் பருமனாக, மூன்றும் ஒரே பருமனில். உரலில் இடிக்கிறவர்களுக்கு வித்தியாசம் கையிலேயே தெரியும், டார்க் இரண்டு குத்தில் பொடியாகிவிடும், லைட் கொட்டை உலக்கையைத் திருப்பித் தள்ளும். அரைத்த உடனே ஒவ்வொன்றையும் மூக்குக்குக் கிட்டப் பிடித்து மோந்து, மனதில் வந்த முதல் சொல்லை ஒரு கடதாசியில் எழுதுங்கள். யோசிக்க வேண்டாம், முதல் சொல்.

இப்போது தண்ணீரைத் தூள் முழுக்க நனையும்படி விளிம்புவரை ஊற்றி நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். மேலே தூள் ஆடை போலக் கட்டி நிற்கும். நான்கு நிமிடம் முடிந்ததும் கோப்பைக்கு மேலே குனிந்து, மூக்கைக் கிட்ட வைத்துக்கொண்டு, கரண்டியின் பின்பக்கத்தால் அந்த ஆடையை மூன்று தரம் தள்ளி உடையுங்கள். அந்த ஒரு கணத்தில் எழுகிற மணம்தான் முழுக் காலையிலும் ஆகச் சிறந்தது, தவறவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் போக முதல் கரண்டியைக் கழுவ வேண்டும். பிறகு மேலே மிதக்கிற நுரையையும் தூளையும் இரண்டு கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, ஊற்றியதிலிருந்து பத்து நிமிடம்வரை பொறுத்திருங்கள். சூடாகக் குடிக்கிற ஆசை வரும், ஆனால் வாய் வெந்தால் பிறகு ஒன்றும் தெரியாது.

குடிக்கும்போது கரண்டியில் கொஞ்சம் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். வெட்கப்பட வேண்டாம், வீட்டில் பெரியவர்கள் கொதிக்கிற தேத்தண்ணியை இழுக்கிற அதே சத்தம்தான். காற்றோடு சேர்ந்து தெறித்தால்தான் அது நாக்கு முழுக்கப் பரவும், மணமும் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கரண்டி, விட்டுவிட்டு ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள், சுவை என்று நினைத்ததில் எவ்வளவு மணம் என்று தெரிந்துவிடும். முதல் சுற்றில் லைட், மீடியம், டார்க் என்ற வரிசையிலேயே போங்கள், டார்க்கின் கைப்பு நாக்கில் தங்கிவிடும் என்பதால் அதை முதலில் குடித்தால் லைட்டுக்கு அநியாயம். இடையில் ஒரு மிடறு தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட் ஒரு கடியும். விழுங்காமல் துப்பிவிட்டால் நெஞ்சு படபடப்பும் வராது.

அப்புறம் ஆறவிடுங்கள். இரண்டாம் சுற்று இளஞ்சூட்டில், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிற தண்ணீர்ச் சூட்டுக்கு வரும்போது. மூன்றாவது முற்றாக ஆறியபின். சூடு குறையக் குறைய நல்ல லைட் கோப்பியில் இனிப்பும் பழக்குணமும் வெளியே வரும். டார்க் எதிர்ப்பக்கம் போகும், சூட்டில் வட்டிலப்பம் மாதிரி இருந்தது ஆறும்போது சாம்பல் சாம்பலாக முடியும். மீடியம் அதிகம் மாறாது, அதனால்தான் பலருக்கும் அது பிடிக்கிறது. கோப்பை ஆறியபின்னும் குடிக்க நன்றாக இருந்தால் அது நன்றாக வறுத்த கோப்பி என்று நான் முடிவெடுத்துக்கொள்வேன்.

என் பெரியம்மாவை இப்படி ஒருநாள் இருத்தி வைத்தேன். லைட்டில் முதல் கரண்டி வாயில் பட்டதும் முகத்தைச் சுளித்து, "இது என்ன பிள்ளை, கோப்பியோ, புளித்தண்ணியோ?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டார்க்கைக் குடித்துவிட்டு இதுதான் கோப்பி என்று தலையாட்டினார். இருபது நிமிடம் கழித்து நான் கேட்காமலே லைட் கோப்பையைத் திரும்ப இழுத்து இரண்டு கரண்டி குடித்தவர், கொஞ்ச நேரம் வாயை மென்றுகொண்டிருந்துவிட்டு, "பாலைப்பழம் தின்ற பிறகு வாயில கிடக்கிற இனிப்பு மாதிரிக் கிடக்கு" என்றார். அதை விடச் சரியான விவரிப்பை நான் எந்தப் பக்கற்றிலும் வாசித்ததில்லை.

சொற்களுக்கு எங்கே போவது

பக்கற்றில் புளூபெரி, பேர்கமொட் என்று எழுதியிருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைத் தின்றிருக்கிறோம்? தெரியாத பழத்தை நாக்கில் தேடினால் கிடைக்காது, கிடைக்கவில்லை என்றதும் எனக்கு ருசிக்கத் தெரியாது என்று விட்டுவிடுவோம். நம் சந்தையிலும் நம் குசினியிலும் இருக்கிற பெயர்களை எடுங்கள். லைட்டில் தேசிக்காய், தோடம்பழம், புளிமாங்காய், பாலைப்பழம், சில வேளை மல்லிகைப் பூ. மீடியத்தில் வறுத்த கச்சான், பனங்கட்டி, கித்துள் பாணி, பாண் கரை, எள்ளுருண்டை. டார்க்கில் கருஞ்சொக்கலேற், கருகவிட்ட சீனி, மிளகு, எரிந்த சிரட்டை. இதெல்லாம் இருக்கத்தான் வேண்டும் என்றில்லை, இது ஒரு பை, இதற்குள் கையை விட்டுத் தேடுங்கள்.

குறைகளுக்கும் பெயர் வேண்டும், ஏனென்றால் லைட் வேறு, வேகாத கோப்பி வேறு. பச்சைப்பயறு, புல், கச்சான் கோது போல அடித்தால் அது உள்ளே வேகவில்லை. பழப்புளிப்பு நல்லது, வினாகிரி போலக் குத்தினால் நல்லதல்ல. டார்க்கில் கைப்புக்குக் கீழே ஒரு இனிப்பு இருக்க வேண்டும், வெறும் கரிதான் என்றால் கருகிவிட்டது. எண்ணெய் மேலே வந்த டார்க் கொட்டை நம் ஊர் வெக்கையில் கெதியாகக் காறிப்போகும், பழைய தேங்காயெண்ணெய் மணம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

ஒரு கடதாசியில் மணம், புளிப்பு, இனிப்பு, கைப்பு, கனம், விழுங்கியபின் நிற்பது என்று ஆறு வரி போட்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று எழுதினால் போதும். கனம் என்பது வாயில் பாரமாக இருக்கிறதா, தண்ணியாக இருக்கிறதா என்பது, ஆட்டுப்பாலுக்கும் பால்மாக் கரைத்ததுக்கும் உள்ள வித்தியாசம் போல.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோதனை

இரண்டு மூன்று நாள் இப்படிக் குடித்தபின் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லி மூன்று கோப்பை ஊற்றுவியுங்கள், இரண்டில் ஒரே வறுவல், ஒன்றில் மட்டும் வேறு. கோப்பையின் அடியில் அவர் அடையாளம் வைக்கட்டும், நிறம் தெரியாதபடி நீங்கள் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். வேறானது எது? கண்ணை மூடிச் சும்மா சொன்னாலே மூன்றுக்கு ஒன்று சரியாகிவிடும், அதனால் ஒரு தரம் சரியானதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. தொடர்ந்து மூன்று தரம் சும்மா சொல்லிச் சரியாவது 27க்கு ஒன்று, அதைச் செய்தீர்கள் என்றால் உங்கள் நாக்கை நீங்கள் நம்பலாம். லைட்டையும் டார்க்கையும் வைத்துத் தொடங்கி, பிறகு லைட்டையும் மீடியத்தையும் வையுங்கள், அதுதான் கஷ்டம்.

கடைசியாகப் பால். வெறுங்கோப்பியாக ருசித்து முடித்தபிறகுதான் இதைச் செய்ய வேண்டும், முதலே பாலும் சீனியும் போட்டால் எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. லைட்டில் பால் ஊற்றினால் பலருக்குத் திரையப்போகிற பால் போலப் படும், நான் ஊற்றுவதில்லை. மீடியம் தாங்கும். டார்க் பாலுக்கென்றே பிறந்தது, மல்லி, வேர்க்கொம்பு போடுகிறவர்களுக்கும் அதுதான், அந்த உறைப்புக்கு முன்னால் மற்ற இரண்டும் நிற்காது. எங்கள் வீட்டில் மிஞ்சுகிற கொட்டையில் டார்க் இரண்டு பங்கும் மீடியம் ஒரு பங்கும் கலந்து பால்கோப்பிக்கு வைத்திருக்கிறோம். லைட் போத்தலை மட்டும் தனியே, மேல் தட்டில், வறுத்த திகதி எழுதி. மாரி தொடங்கிவிட்டால் போத்தலைத் திறந்து வைக்காதீர்கள், அந்த ஈரலிப்புக்கு இரண்டு நாளில் தூள் கட்டிபட்டுவிடும், குடிக்கிற அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.